நாளைக்கு எது வரும்? பெங்களூர் ரேஸ் கார்டைப் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் நாலைந்து பேர் பேப்பரில் வந்த ரேஸ் கார்டை, அதாவது மறுநாள் ஓடும் குதிரைகளின் பட்டியலை, மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "அண்ணா, நாளைக்கு எது வரும்?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. எது வரும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எவை வரக்கூடும், எவற்றுக்கு வழியே இல்லை என்று பிரிக்கத் தெரியும். அந்த வேலையைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கார்டில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? குதிரையா, ஜாக்கியா?

இரண்டும் இல்லை. ரேஸின் தலைப்பு வரியைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டி நேராகக் குதிரைப் பெயர்களுக்குப் போய்விடுகிறார்கள். எத்தனை மீட்டர், எந்த ரேட்டிங் (திறமைப் புள்ளி) உள்ள குதிரைகளுக்கு, எந்த வயதுக்கு, ஹேண்டிகேப்பா (திறமைக்கு ஏற்ப எடை ஏற்றுவது) டெர்ம்ஸா (அப்படி ஏற்றாதது), இதுவரை ஜெயிக்காத மெய்டன் குதிரைகளுக்கு மட்டுமா என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கும்.

"1,400 மீட்டர், ரேட்டிங் 20 முதல் 45" என்று போட்டிருந்தால், அந்த ரேஸ் என்ன கேட்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. 1,100 மீட்டரில் முன்னால் பறந்து கடைசி நூறு மீட்டரில் தளரும் குதிரைக்கு அது கஷ்டம். 35 ரேட்டிங்குக்குள் உள்ள ரேஸில் போன வாரம் ஜெயித்து, ரேட்டிங் ஏறி, இப்போது முதல் தடவையாக இந்தக் கூட்டத்தில் நிற்கும் குதிரைக்கும் அது புதுச் சோதனை. ரேஸ் என்ன கேட்கிறது என்று முதலில் ஒரு வரியில் எழுதிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு குதிரையிடமும் அது இருக்கிறதா என்று பாருங்கள். பத்துக் குதிரை ஓடினால் நாலைந்து இந்த இடத்திலேயே கழிந்துவிடும்.

கார்டில் குதிரைப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண், குதிரை எந்தக் கேட்டிலிருந்து கிளம்பும் என்பதைச் சொல்லும் கேட் எண், அதாவது டிரா. கடைசியில் இருப்பது சுமக்கும் எடை. புதிதாக வருபவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ரேட்டிங், வெயிட் என்கிறார்களே, அதில் நிஜமாகவே விஷயம் இருக்கிறதா?

இருப்பதிலேயே பெரிய விஷயம் அதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் ஓடும் ரேஸ்களில் பெரும்பாலானவை ஹேண்டிகேப். ஒவ்வொரு குதிரைக்கும் அதன் திறமையை வைத்து ஹேண்டிகேப்பர் ஒரு ரேட்டிங் தருகிறார். ரேட்டிங்கில் ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ. கூட்டத்தில் உயர்ந்த ரேட்டிங் உள்ள குதிரை அதிக எடை சுமக்கும், தாழ்ந்தது குறைவாகச் சுமக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு எங்கே கொஞ்சம் பிசகியிருக்கிறது என்று தேடுவதுதான் நம் வேலை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 1,200 மீட்டரில் முதல் குதிரை 54 கிலோ சுமந்து, 55 கிலோ சுமந்த இரண்டாவது குதிரையை இரண்டு நீளத்தில் தோற்கடித்தது (ஒரு நீளம் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம்). ஜெயித்ததற்காக அதன் ரேட்டிங் 6 புள்ளி ஏறியது. 6 புள்ளி என்றால் 3 கிலோ. தோற்றதன் ரேட்டிங் அப்படியே நிற்கிறது. இன்று அதே தூரத்தில் மறுபடி சந்திக்கிறார்கள்: ஒன்று 57, மற்றது 55. அன்று தோற்ற குதிரை 1 கிலோ அதிகம் சுமந்தது. அன்று ஜெயித்த குதிரை இன்று 2 கிலோ அதிகம் சுமக்கிறது. மொத்தம் 3 கிலோ புரண்டிருக்கிறது. குறைந்த தூரத்தில் ஒரு நீளத்துக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ, 1,600 மீட்டரில் சுமார் ஒரு கிலோ என்பது பழைய தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 3 கிலோவும் இரண்டு நீளமும் சரிசமம். காகிதத்தில் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

இந்த இடத்தில்தான் கண்ணால் பார்த்தது உதவும். ஜெயித்த குதிரையை ஜாக்கி கடைசி ஐம்பது மீட்டரில் கையைத் தளர்த்திவிட்டாரா? அப்படியானால் இரண்டு நீளம் என்பது அதன் முழுத் திறமை இல்லை, 3 கிலோ ஏறினாலும் அது மேலேதான் நிற்கும். இல்லை, சவுக்கெடுத்துக் கடைசி மூச்சுவரை ஓட்டித்தான் ஜெயித்ததா? அப்படியானால் இன்று கஷ்டம். மூன்று வயதுக் குதிரையா, ஆறு வயதா என்பதும் முக்கியம். வளர்கிற குதிரை ஹேண்டிகேப்பரை இரண்டு மூன்று ரேஸுக்கு ஏமாற்றும். ஆறு வயதுக் குதிரையின் அளவு எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் தேடுங்கள். பழைய ஆட்டத்தில் 50 ரேட்டிங்கில் ஜெயித்த குதிரை, நாலைந்து தோல்விக்குப் பிறகு இன்று 38-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 6 கிலோ குறைந்திருக்கிறது. ஏன் தோற்றது? தூரம் பொருந்தாததா, தரையா, காலில் கோளாறா? முதல் இரண்டில் ஒன்று என்றால் அதைப் பட்டியலில் மேலே தூக்கிப் போடுங்கள். கோளாறு என்றால், காலைப் பயிற்சியில் அது எப்படி ஓடியது என்று தெரியாமல் தொடாதீர்கள்.

டெர்ம்ஸ் ரேஸ், டெர்பி மாதிரிப் பெரிய ரேஸில் இந்தக் கணக்கு செல்லுமா?

செல்லாது. அங்கே திறமைக்கு எடை ஏற்றுவதில்லை. மும்பை மகாலட்சுமியில் பிப்ரவரியில் நடக்கும் இந்தியன் டெர்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1943-லிருந்து நடக்கிறது, தூரம் 2,400 மீட்டர், நான்கு வயதுக் குதிரைகளுக்கு மட்டும். ஆண் குதிரை 57 கிலோ, பெண் குதிரை 55.5 கிலோ. அவ்வளவுதான். நல்ல குதிரை நல்ல குதிரையாகவே ஓடும். அதனால் பெரிய ரேஸில் முன்னணிக் குதிரைகளைத் தள்ளிவிட்டு மூலையில் ஒன்றைத் தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: கினீஸ் என்ற 1,600 மீட்டர் பெரிய ரேஸில் ஜெயித்த வேகம் 2,400 வரை தாங்குமா? தகப்பன் குதிரை, தாய்வழிக் குதிரைகள் எந்தத் தூரத்தில் ஜெயித்தவை என்று பார்ப்பது அப்போதுதான் உண்மையில் உதவுகிறது.

கேட் எண் பெரிதாக இருந்தால் அந்தக் குதிரையை விட்டுவிடலாமா?

விட வேண்டாம், கணக்குப் போடுங்கள். வளைவில் உள்வேலியை ஒட்டி ஓடும் குதிரைக்கும், அதற்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி ஓடும் குதிரைக்கும் அரைவட்ட வளைவு ஒன்றில் மூன்று மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். ஒரு குதிரை நீளம் சுமார் 2.4 மீட்டர். அதாவது ஒரே ஒரு குதிரை அகலம் வெளியே போனால் ஒரு நீளத்துக்கு மேல் நஷ்டம். மூன்று குதிரை அகலம் வெளியே போனவன் கழுத்து வித்தியாசத்தில் தோற்றிருந்தால், உண்மையில் அன்று அவன்தான் நன்றாக ஓடியவன். அடுத்த கார்டில் அந்தக் குதிரைக்கு உள் கேட் கிடைத்தால் நான் அடிக்கோடு போடுவேன்.

முன்னால் ஓடும் குதிரைகள் எத்தனை என்றும் எண்ணுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் அது நிதானமாக முன்னே போய்க் கடைசிவரை மூச்சை மிச்சம் வைக்கும். நான்கு இருந்தால் அவை ஒன்றையொன்று இழுத்துக் களைத்துப்போகும், பின்னாலிருந்து வருவதற்கு வாய்ப்பு. டிராக்கைக் காப்பாற்ற உள்பக்கம் தற்காலிக வேலி போடுவார்கள், எத்தனை மீட்டர் அகலத்துக்கு என்று அன்றைய அறிவிப்பில் வரும். அதையும் பாருங்கள்.

மழை பெய்தால்?

மே மாதம் தொடங்கும் கோடைக்கால ஆட்டம் இங்கே மழைக்குள்தான் நடக்கிறது. தரை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பெனிட்ரோமீட்டர் வைத்து அளந்து சொல்வார்கள். கம்பியைத் தரையில் நிறுத்தி அதன்மேல் எடையை விழவைத்து எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள், எண் கூடினால் தரை மெத்தென்று இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு ஜூலை மாதம், குளிர்கால ஆட்டத்தில் மூன்று தடவை ஜெயித்த குதிரையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். முதல் நாள் ராத்திரி முழுக்கக் கொட்டியிருந்தது. அந்த மூன்று வெற்றியும் காய்ந்த தரையில் வந்தவை, கையில் இருந்த தாளிலேயே அது எழுதியிருந்தது, நான்தான் பார்க்கவில்லை. வளைவு திரும்பும்போதே அது காலைத் தயங்கித் தயங்கி வைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெற்றிக்குப் பக்கத்திலும் தரை எப்படி இருந்தது என்று பென்சிலால் குறித்து வைக்கிறேன்.

பேப்பரில் வரும் காலை டிராக் வேலையை (பயிற்சி ஓட்டக் குறிப்பை) நம்பலாமா?

நம்பலாம், ஆனால் மொழி புரிய வேண்டும். "இன்னர் சாண்ட், 1,000 மீட்டர் 1-8, 600 மீட்டர் 40" என்று இருந்தால், உள் மணல் டிராக்கில் ஆயிரம் மீட்டரை ஒரு நிமிடம் எட்டு விநாடியில் ஓடி, அதில் கடைசி 600 மீட்டரை 40 விநாடியில் முடித்தது என்று பொருள். வெளி மணலில் நேரம் கூடுதலாகத்தான் வரும், அதனால் இரண்டையும் ஒப்பிடாதீர்கள். அதே நாளில் அதே டிராக்கில் ஓடியவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.

எண்ணைவிட அதற்குப் பின்னால் வரும் இரண்டு சொல் முக்கியம். "மூவ்டு ஃப்ரீலி", "ஸ்ட்ரோட் அவுட் வெல்" என்றால் தள்ளாமலே தானாக ஓடியது. "மெயின்டெய்ன்ஸ் ஃபார்ம்" என்றால் போன ரேஸில் இருந்த நிலையிலேயே இருக்கிறது, ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மேலே உட்கார்ந்தது யார் என்றும் பாருங்கள். எடை குறைந்த பையன் ஓட்டி வந்த 40 விநாடியும், ரேஸ் ஜாக்கி ஓட்டி வந்த 40 விநாடியும் ஒன்றல்ல. இரண்டு குதிரையைச் சேர்த்து ஓடவிட்டால், எது எதை விட்டு எத்தனை நீளம் முன்னால் வந்தது என்பதையும் சொல்வார்கள். அதில் பின்தங்கியதே ஏற்கெனவே ஜெயித்த நல்ல குதிரை என்றால், முன்னால் வந்த புதுக் குதிரையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சில குதிரைகள் காலையில் மட்டுமே ராஜா. டிராக்கில் ஜொலித்து, ரேஸில் கூட்டத்தைக் கண்டதும் சுருங்கிப்போகும். இரண்டு தடவை அப்படிப் பார்த்துவிட்டால் மூன்றாம் தடவை நேரத்தைப் பார்த்து மயங்காதீர்கள்.

பெரிய ஜாக்கி ஏறினால் போதுமா?

சூரஜ் நரேடு போன்ற ஒருவர் ஏறினாலே விலை, அதாவது அந்தக் குதிரை ஜெயித்தால் கிடைக்கும் தொகை, பாதி இறங்கிவிடும். ஜாக்கி நல்லவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி, அது விலையிலேயே சேர்ந்துவிட்டது. நான் பார்ப்பது மாற்றத்தைத்தான். ஒரே டிரெய்னர் இரண்டு குதிரை விட்டிருக்கிறார், அவருடைய வழக்கமான ஜாக்கி எதில் ஏறுகிறார்? போன தடவை பயிற்சி ஜாக்கி ஓட்டிய குதிரையில் இன்று மூத்தவர் ஏறுகிறாரா? பயிற்சி ஜாக்கிக்கு எடைச் சலுகை உண்டு என்பதால் மாற்றும்போது எடை கூடும். அதையும் மீறி மாற்றுகிறார்கள் என்றால் ஒரு நோக்கம் இருக்கிறது.

பேடாக்கில் (ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்தில்) போய்ப் பார்ப்பதால் என்ன தெரியும்?

எனக்கு ரேஸ்கோர்ஸில் மிகவும் பிடித்த இடமே அதுதான். மெஜஸ்டிக்கில் பஸ் இறங்கி நடந்தே போய்விடலாம். முதல் ரேஸுக்கு அரைமணி முன்னால் போய் வேலியோரம் நின்றுவிடுவேன். குதிரையைப் பிடித்து நடத்தும் சைஸ்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. "ஏய், மெல்ல வா கண்ணு" என்று ஒருவர் தன் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே நடப்பார். அந்தக் கை படும்போது அது காதை எப்படி வைக்கிறது என்று பாருங்கள். காது முன்னோக்கி, தலை நிதானமாக, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வேகம் என்றால் அது தயார். தலையை வெட்டி வெட்டி இழுத்து, குறுக்கே நடந்து, சைஸையே இழுத்துக்கொண்டு போனால் அதன் பலம் கேட்டுக்குப் போவதற்குள் செலவாகிவிடும்.

வியர்வையைப் பாருங்கள். சென்னை வெயிலில் எல்லாக் குதிரைக்கும் வேர்க்கும், அதில் பொருள் இல்லை. பெங்களூர் குளிரில், டிசம்பர் மத்தியானத்தில், ஒரு குதிரைக்கு மட்டும் கழுத்திலும் பின்னங்கால்களுக்கு நடுவிலும் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகப் படிந்தால் அது பதற்றம். எப்போதுமே அப்படி வேர்த்து, அப்படியே ஜெயிக்கும் குதிரையும் உண்டு என்பதால், போன தடவை எப்படி இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நடையில் பின்னங்குளம்பு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். முன்னங்குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டி விழுந்தால் நடை தாராளம். தடத்துக்கு எட்டாமல் விழுந்தால் எங்கேயோ பிடிப்பு இருக்கிறது. தோல் மினுமினுப்பு, பின்தொடைத் தசை, வயிறு ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்பதெல்லாம் நாலு வாரம் தொடர்ந்து பார்த்தால் கண்ணுக்குத் தானாகப் பிடிபடும். நீண்ட ஓய்வுக்குப் பிறகு வரும் குதிரை வயிறு பெருத்து நின்றால், கார்டில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இன்று அதற்கு ரேஸ் இல்லை.

மெய்டன் ரேஸ், முதல் தடவை ஓடும் குதிரைகள்?

எடை போட எதுவுமே இல்லாத இடத்தில் எடை போடாதீர்கள். நான் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

"ஷூர் டிப்" என்று சொல்கிறார்களே?

சொல்பவரிடம் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இன்னொருவர் சொன்னார் என்பார். உண்மையிலேயே லாயத்துக்குள் தெரிந்த செய்தி என்றால், அது டீக்கடைக்கு வருவதற்கு முன்னால் விலைப்பலகைக்குப் போயிருக்கும். தம்பிகளே, இதில் நான் பிடிவாதக்காரன்: காரணம் சொல்ல முடியாத பெயரை என் தாளில் எழுதமாட்டேன்.

விலையை எப்போது பார்ப்பது?

உங்கள் கணக்கை முடித்த பிறகு. முன்னால் பார்த்தால் ஃபேவரிட்டுக்கு, அதாவது கூட்டம் அதிகம் பணம் போட்ட குதிரைக்கு, சாதகமான காரணங்கள் மட்டுமே கண்ணில் படும்.

நான் செய்வது இது. கழித்தது போக மிச்சமுள்ள குதிரைகளுக்கு நூறு புள்ளியைப் பங்கு போடுவேன். ஒன்றுக்கு 25 கிடைத்தால், நாலு தடவை ஓடினால் ஒரு தடவை ஜெயிக்கும் என்று நினைக்கிறேன் என்று அர்த்தம். டோட்டில், அதாவது எல்லோரும் போட்ட பணத்தைத் திரட்டி ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் கவுன்டரில், விலை பத்து ரூபாய்க்குச் சொல்வார்கள். நாலில் ஒன்று ஜெயிக்கிற குதிரைக்குப் பத்து ரூபாய்க்கு 40-க்கு மேல் வந்தால்தான் நியாயம். பலகையில் 24 காட்டினால், கூட்டம் அதை என்னைவிட அதிகமாக நம்புகிறது. அந்த ரேஸை விட்டுவிடுவேன். குதிரையை நல்ல குதிரை என்று சொல்வதும் அதில் பணம் போடுவதும் வெவ்வேறு முடிவுகள். ஃபேவரிட் குதிரைகள் பொதுவாக மூன்று ரேஸில் ஒன்று என்ற அளவில் ஜெயிக்கின்றன. அப்படியிருந்தும் அவற்றை மட்டுமே பிடித்துக்கொண்டு போனவர்கள் மிச்சம் பிடித்ததை நான் பார்த்ததில்லை.

வரியையும் மறக்காதீர்கள். 2023 அக்டோபர் முதல் போடுகிற முழுப் பணத்தின் மீதும் 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். இதைத் தாண்டி லாபம் பார்ப்பது எவ்வளவு கடினம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து ரேஸையும் சரியாகச் சொல்ல வேண்டிய ஜாக்பாட்டில் கார்டு படிக்கிற திறமைக்கு மேல் அதிர்ஷ்டமும் வேண்டியிருக்கிறது.

இது சூதாட்டம்தானே? வீட்டில் ரேஸ் என்றாலே அழுகிறார்கள்.

சட்டம் சொல்வது வேறு. தமிழ்நாட்டில் 1974-ல் ரேஸை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள், அது நீதிமன்றம் போனது. 1996 ஜனவரியில் லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொன்னது. குதிரையின் வேகம், தாங்கும் சக்தி, ஜாக்கியின் திறமை ஆகியவற்றை எடைபோட்டுச் செய்யும் முடிவு என்பது அதன் சாரம்.

ஆனால் வீட்டில் அழுவது தீர்ப்பைப் படிக்காததால் இல்லை. என் சித்தப்பா சம்பள நாளன்று மில்லிலிருந்து நேரே ரேஸ்கோர்ஸ் போய்விடுவார். சித்தி கேட்டருகே நின்று பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டத் தன் வளையலைக் கழற்றிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவுக்கு ரேட்டிங்கும் தெரியாது, வெயிட்டும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தச் சம்பளம் தப்பியிருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் தோற்றதை அன்றைக்கே திரும்பப் பிடிக்க வேண்டும் என்று நின்றவர் அவர். உங்களுக்கும் அந்த எண்ணம் வருகிறது என்றால் கார்டை மூடி வைத்துவிடுங்கள், வீட்டில் சொல்லிவிடுங்கள், மருத்துவ உதவி தேவை என்றால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இதே ஊரில் இருக்கிறது. பணமே போடாமல் நுழைவுச் சீட்டு மட்டும் வாங்கிக் கணக்குப் போட்டுப் பார்க்கிற நாட்கள் எனக்கு இப்போது அதிகம். கணக்குச் சரியாக வந்தால் கிடைக்கும் சந்தோஷத்தில் ஒன்றும் குறையவில்லை.

ரேஸ் முடிந்த பிறகு என்ன செய்வது?

கார்டைக் கிழித்துப் போடாதீர்கள். ராத்திரி ரீப்ளேயை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை ஜெயித்ததைப் பார்க்க வேண்டாம், நாலாவது ஐந்தாவதாக வந்தவற்றைப் பாருங்கள். எதற்கு வழி அடைபட்டது, எது கேட்டில் தாமதமாகக் கிளம்பியது, எது வெளியே சுற்றிக்கொண்டு வந்தது என்று பாருங்கள். என் நோட்டில் போன மாதத்துக் குறிப்பு ஒன்று இப்படி இருக்கிறது: "ஏழாம் எண், பெண் குதிரை, 3 வயது. வளைவில் முன்னால் போனது இடறியதால் இழுத்துப் பிடித்தார். கடைசி 200-ல் மூன்றைத் தாண்டி ஐந்தாவது. 1,200 போதவில்லை. 1,400 வரட்டும்." இந்த வெள்ளிக்கிழமை வந்த கார்டில் அதற்கு 1,400 மீட்டர், கேட் 2, எடை அதே. காலை டிராக்கில் எப்படி ஓடியது என்று இன்னும் பார்க்கவில்லை.